பதினொரு சாவியும் ஒரு பச்சை வண்டியும்

அம்பத்தூர் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகளைத் துடைத்து வரிசையாக நிறுத்துகிறார்கள். பக்கத்தில் தாங்களும் துடைத்துவைத்தாற்போல நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் என் வீட்டுக்கு வந்து, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். பழைய வண்டியைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி, உடைத்துவிட்டால் சரிசெய்வது எப்படி, பத்து யோசனைகள், படிக்கிறவர்களுக்குப் புரியும்படி.

வந்தவர்களில் ஒருவர் தன் வண்டியில் அலாரம் பொருத்தியிருக்கிறார். காக்கை உட்கார்ந்தால் கத்துகிறது, லாரி போனால் கத்துகிறது. அவர் என்னிடம் பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் தெருவில் இரண்டு தரம் கத்தியது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, அவர் உட்பட. இவ்வளவு முன்னேறியவர்களுக்கு நான் பத்து யோசனை சொல்ல வேண்டுமாம். என்னிடம் பத்து இல்லை. நடந்த கதை ஒன்றுதான் இருக்கிறது. அதில் யோசனை எத்தனை இருக்கிறதென்று அவர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

என் பெயர் லூர்துசாமி. எண்பதுகளில் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை 'பூட்டு லூர்து' என்றால் தெரியாத கார்க்காரர் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்காகப் பள்ளிக்கூடம் வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை. அதன்பின் ஏழு வருஷம் கன்னியப்பன் மேஸ்திரியின் ஷெட்டில் எமரி பேப்பர் தேய்த்தேன். கைரேகை போய்விட்டது. ரேஷன் கடையில் கட்டைவிரலை உருட்டினால் மொழுக்கென்று ஒரு மை உருண்டைதான் விழும். என் படிப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அறிவு, கூடவே பிறந்தது.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவடி போகிற சாலையில் அவருடைய ஷெட். ஒடுக்கு எடுப்பது, தகடு வெல்டிங், பெயிண்ட், பூட்டு, கண்ணாடி, எல்லாம் அங்கே நடக்கும். ஆள் மெலிந்தவர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அன்று காய்ச்சல் என்று அர்த்தம். ஒடுக்கு எடுத்த கதவைக் காட்டினால் கண்ணால் பார்க்க மாட்டார். தோளில் கிடக்கும் துண்டைத் தகட்டின் மேல் விரித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தடவுவார். வெறுங்கைக்குத் தெரியாத மேடு பள்ளம் துணிக்கு மேலே தெரியும். எல்லாம் சரியென்றால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். சரியில்லை என்றால் துண்டை அங்கேயே விட்டுவிட்டுப் போவார். திட்டு, விளக்கம் எதுவும் கிடையாது. எந்த இடத்தில் துண்டு கிடக்கிறதோ அந்த இடத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும். ஷெட்டில் எட்டுப் பேர் வேலை செய்தோம். நாங்கள் பயந்ததெல்லாம் அந்தத் துண்டுக்குத்தான்.

இனி பச்சை வண்டி.

ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் சாமுவேல் என்று ஒரு ஃபோர்மேன் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். மாமனார் கொடுத்த பேபி கார் ஒன்றை வைத்திருந்தார். ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது, பாட்டில் பச்சை நிறம், ஆமை ஓடு மாதிரி முதுகு. உள்ளே அந்தக் காலத்து வால்வு ரேடியோ ஒன்று. போட்டால் சூடாகவே பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் ஃபோர்மேன் சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். ஆக, அது பாடி யாரும் கேட்டதில்லை. ஆனால் அவர் குடியிருந்த குவார்ட்டர்ஸில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. தொழிற்சாலையில் யுத்த டாங்கியின் வயிற்றைக் கழற்றி மாட்டுகிற மனிதர், இந்த வண்டிக்கு மட்டும் பனியன் துணி தவிர வேறெதுவும் படக்கூடாது என்பார்.

வண்டி நிற்பது குவார்ட்டர்ஸ் தூங்குமூஞ்சி மரத்தடியில். முதல் தடவை உடைத்தவன் எளிய வழியில் போனான். அந்தக் கால வண்டிகளில் முன் கதவுக் கண்ணாடிக்கு முன்னால் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். காற்றுக்காக வைத்தது. ஒரு ஸ்க்ரூ டிரைவரை ரப்பருக்குள் விட்டு நெம்பினால் கொக்கி தெறிக்கும், கையை விட்டுக் கதவைத் திறக்கலாம். ஒரு குடையும் டார்ச் லைட்டும் போயின. இரண்டாவது வந்தவன் கல்வியறிவு இல்லாதவன். கதவின் மேல் சட்டத்தைக் கடப்பாரையால் நெம்பி வாழை இலை மாதிரி மடக்கிவிட்டு பேட்டரியைக் கொண்டுபோனான்.

வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தபோது ஃபோர்மேன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெற்ற பிள்ளைக்குக் கை முறிந்தால்கூட அப்படி இருக்காது.

"ஏ லூர்து, இது பழையபடி வருமாடே?"

"பழையபடி எதுக்கு சார்? அதைவிட நல்லா வரும்" என்றேன். அடக்கம் எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

அந்தக் கதவோடு பதினொரு நாள் இருந்தேன். கடப்பாரை நெம்பிய இடத்தில் தகடு இழுபட்டுப் பெருத்துவிடும். தட்டினால் உள்ளே போகும், விட்டால் 'டொப்' என்று வெளியே வரும். அவசரக்காரன் அதன் மேல் விரல் கனத்துக்குப் பட்டி பூசி பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவான். நான் அப்படிச் செய்யவில்லை. முதல் நாள் மட்டும் செய்தேன். மேஸ்திரி விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பார்த்தார். 'டங்' என்று வர வேண்டியது 'டொக்' என்று வந்தது. துண்டு விழுந்தது. பட்டி முழுவதையும் சுரண்டி எடுத்தேன். பெருத்த இடத்தைப் பொட்டளவு பொட்டளவாகச் சிவக்கக் காய்ச்சி, பின்னால் இரும்புக் கட்டையை அண்டக்கொடுத்து, சுற்றிலும் மரச் சுத்தியலால் தட்டி, ஆறுவதற்குள் ஈரத்துணியால் ஒற்ற வேண்டும். தகடு தானாகச் சுருங்கி இருந்த இடத்துக்குப் போகும். நாற்பது பொட்டு வைத்தேன். பதினோராம் நாள் மேஸ்திரி தடவிப் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு அன்று சாப்பாடே தேவைப்படவில்லை. சாப்பிட்டேன், அது வேறு.

பிறகு பாதுகாப்பு. இங்கேதான் என் மூளையை முழுசாகத் திறந்துவிட்டேன். முக்கோணக் கண்ணாடியின் கொக்கிக்குப் பின்னால் பித்தளைத் தகடு வைத்துத் தாழ் போட்டேன். ஸ்டீயரிங்குக்கும் கிளட்ச் மிதிக்கும் இடையே சங்கிலி. ஸ்டெப்னிச் சக்கரத்தை நானே கடைந்த ஐந்து முனை நட்டால் முடுக்கினேன். அதைக் கழற்றும் ஸ்பானர் உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் கை விட்டால் தவிர தெரியாத ஒரு சுவிட்ச். அதைத் தட்டாமல் வண்டி கிளம்பாது. திருடன் திணறிப்போவான் என்று வைத்தது. மறுவாரமே திருமுல்லைவாயில் கேட்டருகே ஃபோர்மேன் திணறிக்கொண்டு நின்றார். ரயில்வே கேட் திறந்து மூடி, திறந்து மூடி, பின்னால் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் அவர் பரம்பரையை விசாரித்துவிட்டார்கள். யாரோ சைக்கிளில் வந்து சொல்ல, நான் ஓடினேன்.

"வண்டி மூச்சே விடமாட்டேங்கு லூர்து!"

நான் கையை விட்டு சுவிட்சைத் தட்டினேன். வண்டி உறுமியது.

"அட, மறந்துட்டம்லா. எனக்காவது நீ இதக் கொஞ்சம் வெளிய தெரியுத மாதிரி வச்சிருக்கலாம்லாடே."

எல்லாவற்றுக்கும் மேலே பூட்டு. அந்த வண்டிக்கு உண்டான கதவுப் பூட்டு இந்தியாவில் கிடைக்காது. புதுப்பேட்டையில் பழைய வேன்களைக் கழித்துப்போட்ட இடத்தில் ஒரு சாக்கு நிறைய ஒரே ரகப் பூட்டுகளை எடுத்து வைத்திருந்தேன். எந்தப் பழைய வண்டி வந்தாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்து, கதவுக்குத் தக்கபடி அரத்தால் ராவி, ஓட்டையைச் சரிசெய்து மாட்டிவிடுவேன். கதவோடு பிறந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு பூட்டுக்குள்ளும் ஐந்து சின்னப் பித்தளைத் தகடுகள் உண்டு. சாவியின் பல் அந்த ஐந்தையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு சுற்றும். துருப்பிடித்த பூட்டில் அவை சிக்கிச் சிக்கி நிற்கும். வாடிக்கையாளர் சாவியைப் போட்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டுவார். எனக்கு அது பிடிக்காது. மூன்று தகட்டை எடுத்து எறிந்துவிட்டு முன்னால் இருக்கும் இரண்டை மட்டும் விடுவேன். அப்புறம் சாவி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். "உன் பூட்டுல சாவி போடறதே ஒரு சுகம்யா" என்பார் பூந்தமல்லி டாக்டர். படித்தவர் வாயால் கேட்டது.

சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது வந்தால் அதைவிடப் பெருமை. என் இடுப்புக் கயிற்றில் மாதிரிச் சாவி ஒன்று தொங்கும். வண்டியைப் பார்க்காமலே, வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் ராவிக் கொடுத்துவிடுவேன். எல்லாப் பூட்டும் எனக்கு மனப்பாடம் என்று ஊரே பேசியது. நான் மறுக்கவில்லை. மறுத்தால் ஊரைப் பொய்யாக்கியது போல ஆகிவிடுமே.

மேஸ்திரிக்கு மட்டும் ஒரு விதி உண்டு. பூட்டு மாற்றிய ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாவி ஷெட்டுப் பலகையில் தொங்க வேண்டும், தகரத் துண்டில் பெயரோடு. அப்படிப் பதினொரு சாவி தொங்கியது. வெட்டி வேலை என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது தடவை ரேடியோ போனது.

இம்முறை கண்ணாடியில் கீறல் இல்லை. சட்டம் மடங்கவில்லை. பித்தளைத் தாழ் வைத்தபடி இருந்தது. கதவு பூட்டியே இருந்தது. உள்ளே டாஷ்போர்டில் ரேடியோ இருந்த இடத்தில் பல் விழுந்த மாதிரி ஒரு ஓட்டை. வந்தவன் திருகாணிகளைக்கூடக் கழற்றி ஒழுங்காக சீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

குவார்ட்டர்ஸ் நலச் சங்கத்துச் செயலாளர் வரதராஜன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஃபோர்மேன் வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளிக் குடியிருந்த அதிகாரி. அவரும் பழைய கறுப்பு அம்பாசடர் ஒன்று வைத்திருந்தார், என் கைப் பூட்டுதான் அதிலும். போனால் பெரிய கூட்டம். நடுவில் ஒரு ஏட்டு.

"மிஸ்டர் லூர்துசாமி, நீங்கதான் எக்ஸ்பர்ட். இந்தப் பூட்டைச் சாவி இல்லாம திறக்க சான்ஸ் இருக்கா?" என்றார் செயலாளர்.

என்னை அதுவரை யாரும் மிஸ்டர் என்றதில்லை. எக்ஸ்பர்ட் என்றும் சொன்னதில்லை. இரண்டும் ஒரே மூச்சில் வந்ததும் எனக்கு நெஞ்சு விரிந்துபோயிற்று.

"என் பூட்டச் சாவி இல்லாம எவனாச்சும் தொறந்தான்னா, இந்த மீசைய எடுத்துக்கறேன் சார்."

"அப்போ சாவி வச்சிருந்தவன்தான் எடுத்திருக்கணும்?"

"வேற எவன் எடுப்பான்?"

இதை நான் சொல்லி முடித்ததும் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அங்கே முனுசாமி பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தான். என் வயசுக்காரன். குவார்ட்டர்ஸில் இருந்த கார், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் தினம் காலையில் கழுவுகிறவன். உள்பக்கம் துடைக்க ஃபோர்மேன் சாவியை அவனிடம் கொடுப்பது வழக்கம்.

"நைனா, நான் தொடச்சிட்டு அம்மா கையில சாவியக் குட்த்துட்டேன். கேட்டுப் பாரு" என்றான் முனுசாமி ஏட்டிடம். பிறகு என்னைப் பார்த்தான். "அண்ணாத்தே, பூட்டு கெட்டுப்போயிக்கீதுன்னு ஒரு வார்த்த சொல்லேன். ஒன்கு இன்னா நஷ்டம்?"

என் பூட்டு கெட்டுப்போயிருக்கிறதாம். அதை நானே சொல்ல வேண்டுமாம். நான் வானத்தைப் பார்த்தேன்.

அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒரு பகல் முழுக்க உட்காரவைத்தார்கள். ரேடியோ கிடைக்கவில்லை. கிடைக்காததால் விட்டுவிட்டார்கள். ஆனால் சங்கம் அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டது. மறுநாளிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசலுக்கு எதிர்ப்புறம், பஸ் ஸ்டாப் பக்கத்தில், பக்கெட்டும் துணியுமாக நிற்க ஆரம்பித்தான். காலை ஆறு மணிக்கு வருவான், பத்து மணிக்குப் போவான். நான் சைக்கிளில் போகும்போது இரண்டு நாள் பார்த்தும் பார்க்காத மாதிரி போனேன். மூன்றாம் நாள் நிறுத்தினேன்.

"வேலை இல்லாத எடத்துல எதுக்குய்யா பக்கெட்ட வெச்சிகினு நிக்கற?"

"ஊட்ல சொல்லல. பக்கெட்ட எட்துகினு வந்தாதான அவளுக்கு டவுட் வராது?" என்றான். "நீ போ. எதுனா ஒரு பூட்டு ஒன்னத் தேடிகினு இருக்கும்."

நான் போய்விட்டேன். சுருக்கென்று பட்டதா என்று கேட்டால், பட்டது. ஆனால் அப்போதும் அவன்தான் எடுத்தான் என்றே நினைத்தேன். இல்லையென்றால் என் பூட்டு தப்பென்று ஆகுமே. உலகத்தில் நடக்கக்கூடியதைத்தானே நினைக்க முடியும்.

ரேடியோ போன ஓட்டையைத் தகடு வைத்து மூடுவதற்காகப் பச்சை வண்டி ஷெட்டுக்கு வந்தது. ஒரு மத்தியானம் நான் டீ குடிக்கப் போன நேரம் மழை பிடித்தது. வெளியே நின்ற வண்டியின் கண்ணாடி ஒன்று விரலளவு இறங்கியிருந்ததாம். அதை ஏற்றிவிட மேஸ்திரி பலகையிலிருந்து சாவியை எடுத்திருக்கிறார். மூக்குக் கண்ணாடி இல்லாமல் எடுத்ததால் தகரத்தில் எழுதியிருந்த பெயரைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தார், கண்ணாடியை ஏற்றினார், பூட்டினார். உள்ளே வந்து சாவியை ஆணியில் மாட்டப் போனபோதுதான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்திருக்கிறார். 'பூந்தமல்லி டாக்டர்.'

நான் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. மேஸ்திரி பச்சை வண்டியின் பானெட்டில் துண்டை விரித்து, அதன் மேல் பலகையிலிருந்த பதினொரு சாவியையும் வரிசையாக வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மற்ற ஆட்களெல்லாம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

"வா லூர்து. மொத சாவியப் போடு."

அது டாக்டருடையது. போட்டேன். வெண்ணெயில் இறங்கிய மாதிரி இறங்கியது.

"தொற."

திறந்தது.

"பூட்டு. அட்த்தது."

அடுத்தது திருவேற்காட்டு அரிசி மண்டிக்காரருடையது. திறந்தது. அதற்கடுத்தது வேப்பம்பட்டு ஹெட்மாஸ்டர். திறந்தது. மேஸ்திரிக்கு மூன்றே வார்த்தை. "தொற. பூட்டு. அட்த்தது." அவ்வளவுதான். எட்டாவது, செயலாளர் வரதராஜனுடையது. அதுவும் திறந்தது. ஒன்றாவது திறக்காமல் மானத்தைக் காப்பாற்றாதா என்று பார்த்தேன். பதினொன்றும் திறந்தன. இப்படி ஒருத்தனும் உழைத்திருக்க மாட்டான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சுற்றுவட்டார வண்டிகளையெல்லாம் ஒரே குடும்பமாக்கி வைத்திருந்தேன்.

காரணம் கேட்கிறீர்களா? ஐந்து தகட்டில் மூன்றை எறிந்தேன் என்றேனே. மிச்சமிருந்த இரண்டும் எல்லாப் பூட்டிலும் ஒரே இடம், முன் வரிசை. சாவியின் பல்லை எதைப் பார்த்து ராவினேன்? இடுப்புக் கயிற்றில் தொங்கிய ஒரே மாதிரியைப் பார்த்து. தகடு ஒத்துழைக்காவிட்டால் தகட்டையும் அந்தச் சாவிக்குத் தக்கபடி ராவினேன். மனப்பாடம் என்று ஊர் பேசியது இதைத்தான். எல்லாம் ஒன்றேயென்றால் மனப்பாடம் செய்ய என்ன கஷ்டம்?

"மேஸ்திரி, விஷயம் நம்மளோட இருக்கட்டும்" என்றேன். "ஒரு வாரம் குடுங்க. ஏதாச்சும் சாக்கு சொல்லி ஒவ்வொரு வண்டியா வரவெச்சி, அஞ்சு தகட்டோட பூட்ட மாத்திடறேன். ஒர்த்தனுக்கும் தெரியாது."

அவர் சாவிகளை ஒவ்வொன்றாகப் பலகையில் மாட்டினார். கடைசிச் சாவியை மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"அந்த பக்கெட்டுக்காரனுக்கு இன்னா பூட்டு மாட்டுவ?"

போய்விட்டார். துண்டு வண்டியின் மேலேயே கிடந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் நலச் சங்கத்தில் ஒரு விழா. எனக்குத்தான். செயலாளர் ஏற்பாடு. கதவில் கீறல் விழாமல் காத்த பூட்டு நிபுணருக்குப் பாராட்டு, கூடவே குவார்ட்டர்ஸ் வண்டிகள் எல்லாவற்றுக்கும் என் பூட்டையே மாட்டுவது என்று தீர்மானம். ஆயுசில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு விழா. அதற்கு என்ன நேரம் பார்த்து வருகிறது பாருங்கள்.

பலகையிலிருந்த பதினொரு சாவியையும் ஒரு கயிற்றில் கோத்து எடுத்துக்கொண்டு போனேன். வாசலுக்கு எதிரே முனுசாமி நின்றான், பக்கெட்டோடு.

"வா உள்ள."

"பாஸ் இல்ல. வாச்மேன் உட மாட்டான்."

"என் டூல் பாக்ஸத் தூக்கிக்க. ஆளுன்னு சொல்லிக்கறேன்."

அவன் பக்கெட்டை ஓரமாக வைத்தான். "ஒன் பொட்டியத் தூக்கினா உள்ள உடறான். ஒன் சாவியத் தொட்டா போலீசு வர்து. நல்லாக்கீதுபா ஒன் நாயம்." தூக்கிக்கொண்டான்.

சர்ச் முடிந்து வந்தவர்கள், கோயிலுக்குப் போய் வந்தவர்கள் என்று மரத்தடியில் நல்ல கூட்டம். செயலாளர் கால் மணி நேரம் பேசினார். நேர்மை, தொழில் பக்தி, கீழ்மட்டத்துத் திருட்டுப் புத்தி என்று எல்லாவற்றையும் தொட்டார். பிறகு சரிகை போட்ட ஒரு பொன்னாடையை எடுத்து என் தோளில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் ஷெட் ஞாபகம் வந்தது. எங்கள் ஷெட்டில் ஒன்றின் மேல் துணியைப் போட்டால், அதை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

"ஃபோர்மேன் சார், இங்க வாங்க" என்றேன். "இந்தக் கயித்துல எதுனா ஒரு சாவிய எடுங்க. உங்களுது வேணாம்."

"எதுக்குடே?"

"எடுங்க சார்."

அவர் ஒன்றை எடுத்தார். தகரத்தைப் படித்தார். "வேப்பம்பட்டு எச்செம். இது எதுக்கு எனக்கு?"

"உங்க வண்டியத் தொறங்க."

திறந்தது. ஃபோர்மேன் கதவைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அதுவும் திறந்தது. மூன்றாவதைத் தொடும்போது அவர் முகம் டாங்கி வெடித்த மாதிரி இருந்தது.

"ஏல, ஊர்ல உள்ளவன் சாவில்லாம் எம் வண்டியில சேருது! நீ பூட்டு போட்டியா, சத்திரம் கட்டினியா?"

கூட்டத்தில் சிரிப்பு. நான் அதற்குமேல் மறைக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "தப்பு என் வேலையில. பதினோரு வண்டிக்கும் ஒரே சாவி. எவன் வேணா எந்த வண்டிய வேணா தொறக்கலாம். முனுசாமி எடுத்தான்னு நான் சொன்னது என் வாய்க் கொழுப்பு."

முனுசாமி பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றான். "நீயும் ஒரு சாவியப் போட்டுப் பாரேன்" என்று அவனிடம் நீட்டினேன்.

"நான் தொட மாட்டேன் சாமி. தொட்ட வரிக்கும் போதும்."

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு அம்மா, ஃபோர்மேன் வீட்டுக்கு மாடியில் இருந்தவர், வெகுளியாகத்தான் கேட்டார்: "அப்ப இந்த குவார்ட்டர்ஸ்ல இவரு பூட்டு போட்ட வண்டி வேற யாருகிட்ட இருக்கு?"

எல்லோரும் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற கறுப்பு அம்பாசடரைப் பார்த்தார்கள். செயலாளருக்கு இருமல் வந்தது. நல்ல பெரிய இருமல். இருமிக்கொண்டே நன்றியுரையைச் சொல்லி, தேசிய கீதம்கூட இல்லாமல் கூட்டத்தை முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் பச்சை வண்டியின் முன் சீட்டில் ரேடியோ உட்கார்ந்திருந்தது. செய்தித்தாளில் சுற்றி, மேலே சணல் கட்டி. கதவு ஒழுங்காகப் பூட்டியிருந்தது. ஒரு கீறல் இல்லை.

"களவாணின்னாலும் மரியாதக்காரம்லா" என்றார் ஃபோர்மேன். "பூட்டிட்டுப் போயிருக்காம் பாரு."

யார் கொண்டுவந்து வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏட்டு, பொருள் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன என்றார். சங்கத்துத் தீர்மானப் புத்தகத்தில் 'சிறு தவறான புரிதல் நீங்கியது' என்று எழுதியதாகக் கேள்விப்பட்டேன். செயலாளர் கையெழுத்தோடு. முனுசாமிக்குக் கேட் பாஸ் திரும்பக் கிடைத்தது. மன்னிப்பு கிடைக்கவில்லை. அது அந்தக் குவார்ட்டர்ஸில் ஸ்டாக் இல்லை போலிருக்கிறது. செயலாளரின் மச்சான் ஒருவர் அவர் வீட்டில் தங்கியிருந்தார், அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்று மாடி வீட்டு அம்மா சொன்னார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சாவியைப் பற்றிச் சொல்லி ஒரு தடவை பட்டது போதும்.

பதினொரு பூட்டையும் பிரித்து, ஐந்து தகடும் உள்ள பூட்டாக, ஒன்றுக்கொன்று சேராத பல் வைத்துச் செய்து முடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. மாதிரிச் சாவியை மேஸ்திரி வாங்கி வெல்டிங் நெருப்பில் காட்டி உருக்கிவிட்டார். புதுப் பூட்டில் சாவி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கவில்லை. பூந்தமல்லி டாக்டர், "என்ன லூர்து, முன்ன மாதிரி சுகமா இல்லையே, கை தளர்ந்துபோச்சா?" என்றார். ஆமாம் டாக்டர் என்றேன். மீசையைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சாவி இல்லாமல் திறந்தால் என்றுதானே பந்தயம், சாவியோடுதானே திறந்தார்கள் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. மீசை பிழைத்தது.

முனுசாமியைப் பார்க்க ஒரு காலையில் போனேன். பச்சை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஃபோர்மேனின் புதுச் சாவி அவன் இடுப்பில் தொங்கியது. கறுப்பு அம்பாசடர் மட்டும் இலையும் எச்சமுமாக நின்றது. அதை அவன் திரும்பித் தொடவேயில்லை. ஓய்வுபெற்று அந்தக் குவார்ட்டர்ஸை விட்டுப் போகும் நாள் வரை செயலாளர் தன் வண்டியைத் தானே கழுவினார், அதுவும் எல்லோர் கண்ணிலும் படும்படி.

"இன்னா அண்ணாத்தே, விழா எதுனா கீதா?" என்றான் முனுசாமி.

"இல்ல. சும்மா."

அவன் துணியைப் பிழிந்தான். "ஒன் பூட்டு நல்ல பூட்டுதான்பா. ஊர்ல கீற அத்தினி பேரையும் உள்ள உட்டுச்சி. என்னிய ஒர்த்தனத்தான் வெளிய நிக்கவெச்சிச்சி."

பையில் அந்தப் பொன்னாடையைக் கொண்டுபோயிருந்தேன். அதை அவனிடம் நீட்டினேன். "வெச்சிக்கய்யா. தொடைக்கறதுக்காவது ஆவும்."

அவன் வாங்கிப் பார்த்தான். ஒரு மூலையைப் பக்கெட்டில் நனைத்துப் பச்சைக் கதவின் மேல் இழுத்தான். நான் நாற்பது பொட்டு வைத்துத் தட்டிய கதவு. தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. சரிகை மட்டும் கரகரவென்று ஓசை கொடுத்தது.

"இது தண்ணிய இழுக்காது. பெயிண்ட வேற கீறிடும்" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "நீயே வெச்சிக்க. ஒன்குப் போட்டதுதான?"

வைத்திருக்கிறேன். வெயிலுக்காக என் ஸ்கூட்டர் சீட்டின் மேல் போட்டுவைக்கிறேன். பூட்டு கிடையாது, சங்கிலி கிடையாது, அலாரம் கிடையாது. இத்தனை வருஷத்தில் அதை எவனும் திருடவில்லை.